எண்ணும் பிழையும்

நூறு ரூபாயை மூவருக்குச் சமமாகப் பங்கிடுமாறு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையொன்றிடம் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் முப்பத்து மூன்று ரூபாய் முப்பத்து மூன்று சதம் என்று அது விடை கூறும். அம்மூன்று பங்குகளையும் மீண்டும் கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றொன்பது ரூபாய் தொண்ணூற்றொன்பது சதமே வருகின்றது. எஞ்சிய ஒரு சதம் எங்கே போயிற்று? பிள்ளையின் கணக்கில் தவறில்லை. முடிவின்றி நீளும் ஒரு தசமத்தை இரண்டு தானங்களோடு நிறுத்தியதால் விடுபட்ட மிச்சம் அது.

அந்த ஒரு சதத்தைப் பற்றியதே இன்றைய பேச்சு. சூத்திரத்தால் நேரே விடை காண இயலாத கணக்குகளுக்கு, எண்களைக் கொண்டே படிப்படியாக விடையை நெருங்கும் முறைகளை வகுக்கும் கணிதப் பிரிவொன்று உண்டு. அதனை எண்சார் பகுப்பாய்வு என்பர். அவ்வாறு பெற்ற விடையில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதை அளந்து சொல்வதும் அதன் கடமையாகும். நாளைய மழையை முன்னறிந்து கூறுவதும், பாலமொன்றின் தூண்கள் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று கணிப்பதும், மருத்துவமனையில் உடலின் உட்புறத்தைப் படமாக்கிக் காட்டும் கருவி இயங்குவதும் இக்கலையின் துணையினாலேயே.

நான் கலைப் பட்டதாரி. கணிதம் என் துறையன்று. ஆயினும் இப்பொருளில் எனக்கு நாட்டம் ஏற்பட ஒரு மாணவி காரணமானாள். இளம் ஆசிரியனாக ஒரு பாடசாலையிற் கடமையாற்றிய காலத்தில் எட்டாம் வகுப்பின் புள்ளிப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு தவணையின் சராசரியையும் முழுவெண்ணுக்கு மட்டந்தட்டி எழுதி, ஆண்டிறுதியில் அம்மூன்றையும் கூட்டி முதலிடத்தைத் தீர்மானித்தேன். மாணவி ஒருத்தியின் சராசரிகள் 74.4, 74.3, 74.4 என்பன. மட்டந்தட்டியபோது மூன்றும் 74 ஆயின, கூட்டுத்தொகை 222. மாணவன் ஒருவனுடையவை 73.5, 73.6, 74.5 என்பன. அவை 74, 74, 75 ஆயின; கூட்டுத்தொகை 223. முதற்பரிசு அவனுக்குச் சென்றது. பரிசளிப்பு விழா முடிந்த மறுநாள் அப்பெண் தன் பயிற்சிக் கொப்பியுடன் என்னிடம் வந்தாள். “சேர், தசமத்தோடு கூட்டினால் எனக்கல்லவா கூடுதலாக வருகின்றது?” என்று கேட்டாள். கூட்டிப் பார்த்தேன். அவளுக்கு 223.1, அவனுக்கு 221.6. ஒவ்வொரு படியும் விதிப்படியே செய்யப்பட்டிருந்தது, முடிவோ தலைகீழாகிவிட்டது. பதிவேட்டைத் திருத்தினேன். விழா மேடையில் அவள் பெற்றிருக்க வேண்டிய கைதட்டலை என்னால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை.

மனிதர் செய்யும் இத்தவறு கணினிக்கு நேராது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கணினி எண்களைப் பத்தின் அடியிலன்றி இரண்டின் அடியில், துவித எண்களாக எழுதுகின்றது. நமக்கு மூன்றிலொன்று எவ்வாறு முடிவில்லாத் தசமமோ, அவ்வாறே கணினிக்குப் பத்திலொன்று முடிவில்லாத எண். நாம் 0.1 என்று எளிதாக எழுதிவிடுவதை அது ஓரிடத்தில் வெட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டப்படும் துண்டு மிக மிகச் சிறியது. அச்சிறு துண்டு என்ன செய்யக்கூடும் என்பதை 1991ஆம் ஆண்டு உலகம் கண்டது.

வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், எதிரியின் ஏவுகணைகளை வானிலேயே தடுக்கும் பேற்றியட் என்னும் அமெரிக்கப் பொறித்தொகுதி நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கடிகாரம் காலத்தைச் செக்கனின் பத்திலொரு பங்குகளாக எண்ணிற்று. அப்பத்திலொன்று இருபத்து நான்கு துவித இலக்கங்களில் அடங்குமாறு வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வோர் எண்ணுகையிலும் விளைந்த பிழை ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கினும் குறைவு. ஆனால் பொறி இடையறாது நூறு மணித்தியாலம் இயங்கியபோது, முப்பத்தாறு இலட்சம் எண்ணுகைகளின் பிழைகள் சேர்ந்து 0.34 செக்கனாயின. வரும் ஏவுகணையோ ஒரு செக்கனில் ஏறத்தாழ 1,676 மீற்றர் செல்வது. ஆகவே பொறி பார்த்த இடம் ஏவுகணை இருந்த இடத்திலிருந்து அரைக் கிலோமீற்றருக்கு மேல் விலகிவிட்டது. பெப்ரவரி 25ஆம் திகதி இரவு ஏவுகணை படைவீரர் விடுதி மீது வீழ்ந்தது. இருபத்தெட்டுப் பேர் மாண்டனர்.

நேயர்களே, இதிலே நெஞ்சைச் சுடுவது வேறொன்று. இப்பிழை முன்னரே அறியப்பட்டிருந்தது. நீண்ட நேரம் இயக்கினால் குறி விலகும் என்னும் தகவல் இரு வாரங்களுக்கு முன்னரே இஸ்ரேலிலிருந்து கிடைத்திருந்தது. பெப்ரவரி 21ஆம் திகதி படைப்பிரிவுகளுக்கு எச்சரிக்கையும் அனுப்பப்பட்டது. ஆனால் நீண்ட நேரம் என்பது எத்தனை மணித்தியாலம் என்று அதிற் சொல்லப்படவில்லை. பொறியை ஒருமுறை நிறுத்தி மீள இயக்கினாலே கடிகாரம் பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கும். திருத்திய நிகழ்ச்சிநிரல் தஹ்ரானை வந்தடைந்தது பெப்ரவரி 26ஆம் திகதி. விடை இருந்தது, அது ஒரு நாள் பிந்தி வந்தது.

உயிர்ச்சேதமில்லாத இன்னோர் உதாரணமும் உண்டு. கனடாவின் வன்கூவர் பங்குச்சந்தை 1982இல் 1000 என்ற மதிப்பில் ஒரு விலைச்சுட்டியைத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை திருத்தப்பட்ட அச்சுட்டியில், மூன்றாம் தசம தானத்துக்குப் பின்வந்த இலக்கங்கள் மட்டந்தட்டப்படாது வெட்டி எறியப்பட்டன. மட்டந்தட்டும்போது சில வேளை கூடும், சில வேளை குறையும். பிழைகள் ஒன்றையொன்று பெரிதும் ஈடுசெய்யும். வெட்டும்போதோ எப்பொழுதும் குறையவே செய்யும். 1983 நவம்பரில் 524 அளவிற் கிடந்த சுட்டியை முறையாகக் கணித்தபோது அது 1098 ஆக இருந்தது. சந்தை வளர்ந்திருக்க, கணக்கு அது பாதியாக வீழ்ந்ததென்று கூறிக்கொண்டிருந்தது.

இனி, இப்பிழைகளை ஆராய்ந்த அறிஞரிடம் செல்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், பெரிய கணக்குகளைப் பொறிகளிடம் ஒப்படைத்தால் சிறு பிழைகள் படிக்குப் படி பெருகி விடையையே விழுங்கிவிடும் என்னும் அச்சம் கணித அறிஞரிடையே நிலவியது. லண்டனுக்கு அண்மையில் டெடிங்டனிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்துக்கு அக்காலத்தில் பதினெட்டு ஒருங்கமை சமன்பாடுகள் கொண்ட கணக்கொன்று வந்தது. லெஸ்லி பொக்ஸ், குட்வின், அலன் டியூரிங், ஜேம்ஸ் வில்க்கின்சன் என்னும் நால்வர் மேசைக் கணிப்பொறிகளைக் கொண்டு அதனைத் தீர்க்க முற்பட்டனர். முயற்சி தோல்வியுறும் என்றே டியூரிங் நம்பினார். முடிவில் விடைகளைச் சமன்பாடுகளிற் பிரதியிட்டுப் பார்த்தபோது, அவை எதிர்பாராத அளவுக்கு நுட்பமாகப் பொருந்தின.

ஏன் பொருந்தின என்னும் வினாவை வில்க்கின்சன் விடவில்லை. “என் விடை சரியான விடையிலிருந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “எந்தக் கணக்குக்கு இது முற்றிலும் சரியான விடை?” என்று அவர் கேட்டார். கொடுத்த கணக்குக்கு மிக அருகிலுள்ள ஒரு கணக்குக்கு அது சரியான விடையாயின், முறை நல்ல முறை. அதன் பின்னும் விடை பெரிதும் பிறழ்ந்தால் குற்றம் முறையிலில்லை. கணக்கே எளிதிற் கலங்கும் இயல்புடையது. இதற்கு அவரே ஓர் உதாரணம் தந்தார். ஒன்று முதல் இருபது வரையுள்ள முழுவெண்களை மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்பி ஒன்றில், பத்தொன்பதாம் அடுக்கின் குணகம் −210 ஆகும். அதனை ஒரு கோடியில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான அளவால் மாற்றினால், இருபது மூலங்களுட் பத்து சிக்கலெண்களாகிவிடுகின்றன! வில்க்கின்சனுக்கு 1970இல் கணினியியலின் உயர் விருதான டியூரிங் விருது வழங்கப்பட்டது. அந்நால்வருள் ஒருவராக உடனிருந்தவரின் பெயரையே அவ்விருது தாங்கியிருந்தது.

ஒருவர் கண்டது மற்றவரைச் சென்றடையாவிட்டாற் பயனில்லை என்பதைத் தஹ்ரான் நமக்குக் காட்டிற்று. எண்சார் பகுப்பாய்வாளர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். 1961இல் அமெரிக்காவின் கற்லின்பேர்க் என்னும் மலைநகரில், அல்ஸ்ரன் ஹவுஸ்ஹோல்டரின் முயற்சியால், பல நாட்டு ஆய்வாளர் ஒன்றுகூடித் தத்தம் கண்டுபிடிப்புகளையும் ஐயங்களையும் பகிர்ந்துகொண்டனர். பின்னர் அவர் பெயரையே தாங்கிய அக்கூட்டம் இன்றும் சில ஆண்டுகளுக்கொருமுறை நடைபெறுகின்றது. சிறந்த கலாநிதிப் பட்ட ஆய்வொன்றுக்கு அங்கே பரிசும் வழங்கப்படுகின்றது. நான்கு ஆண்டுகளுக்கொருமுறை கூடும் கைத்தொழில், பிரயோக கணிதச் சர்வதேச மாநாடு 2023இல் டோக்கியோவில் நிகழ்ந்தது. 2027ஆம் ஆண்டுக்குரியது நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

இளைஞருக்கென்றே திறந்துள்ள வாயில்களும் உண்டு. டெடிங்டன் நால்வருள் ஒருவரான லெஸ்லி பொக்ஸின் பெயரில் 1985 முதல் இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை ஒரு பரிசு வழங்கப்படுகின்றது. அதற்குப் போட்டியிடுவோர் குறித்த ஆண்டின் தொடக்கத்தில் முப்பத்தொரு வயதை எட்டாதவராய் இருத்தல் வேண்டும். தம் ஆய்வுக் கட்டுரையை அனுப்பி, தெரிவுசெய்யப்பட்டால் சபை முன் உரையாற்றவும் வேண்டும். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜீன் கோலப் 2007இல் மறைந்தார். எந்த நாட்டிலிருந்து எந்த இளைஞர் வந்தாலும் தம் வீட்டின் கதவைத் திறந்து வைத்தவர் அவர். அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 2010 முதல் ஆண்டுதோறும் கோடைக்காலப் பாடசாலை ஒன்று நடத்தப்பட்டு வருகின்றது. பட்டப்பின் படிப்பு மாணவரே அதற்குத் தெரிவு செய்யப்படுவர். கட்டணமின்றிக் கற்பித்து, தங்குமிடமும் உணவும் அளிப்பது அங்கு வழக்கம்.

வில்க்கின்சன் காலத்து வினாக்கள் தீர்ந்துவிட்டனவா என்று நேயர்கள் கேட்கலாம். அவை புதிய வலிமையுடன் திரும்பியுள்ளன. செயற்கை நுண்ணறிவுக்கென ஆக்கப்படும் இக்காலப் பொறிகள், வேகத்தையும் மின்சாரச் சிக்கனத்தையும் நாடி, பதினாறு துவித இலக்கங்களில் அடங்கும் குறுகிய எண்களைப் பெரிதும் கையாளுகின்றன. அவற்றின் ஒரு வகையில் ஏறத்தாழ மூன்று தசம இலக்கங்களையே நம்பலாம். கணக்கின் பெரும்பகுதியைக் குறுகிய எண்களால் விரைவாகச் செய்து, நுட்பம் வேண்டிய இடத்தில் மட்டும் நீண்ட எண்களைப் பயன்படுத்துவது எவ்வாறு என்பது இன்று முன்னணி ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் ஹயம், 2024 ஜனவரியில் தம் அறுபத்திரண்டாம் வயதில் மறையும் வரை இதில் உழைத்தார்.

நம்மைப் போன்ற சிறிய நாட்டுக்கு இத்துறை ஏற்றதென்று துணிந்து கூறலாம். இதற்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. சாதாரண கணினியும் தாளும் பென்சிலும் போதும். உலகெங்கும் பயன்படும் கணிப்பு நிகழ்ச்சிநிரற் தொகுதிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகள் பலவும் அவ்வாறே. நம் பல்கலைக்கழகங்களின் கணிதத் துறைகளில் இப்பாடம் கற்பிக்கப்படுகின்றது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் பயிலும் மாணவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். கணிதம் படித்தவனுக்கு ஆசிரியத் தொழிலும் பொறியியலுமே வழி என்று எண்ணிவிடாதீர்கள். விடை எவ்வளவு நம்பத்தக்கது என்று சொல்ல வல்லவர் வானிலை ஆய்விலும் மருத்துவத்திலும் வங்கியிலும் வேண்டப்படுகின்றனர்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. புள்ளிகளை இறுதிப் படி வரை தசமத்தோடு வைத்திருங்கள். ஒருமுறை மட்டுமே மட்டந்தட்டுங்கள். முடிவை அறிவிக்கும் முன்னர் பதிவேட்டைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். என் பாடசாலையில் இன்று அதுவே நடைமுறை. பரிசளிப்பு விழாவுக்கு ஒரு கிழமை முன்னதாகவே பட்டியல் அறிவித்தற் பலகையில் இடப்படும். கொப்பியும் கையுமாக யாரேனும் ஒரு பிள்ளை அதிபரின் அறைக்கு வருவதாயின், விழாவுக்கு முதல் நாளாவது வந்துவிட வேண்டுமல்லவா?