திறந்த காருக்கு நிலைக்கூரை



கூரையை மடித்துவிட்டுக் காற்றாடச் செல்லத்தக்க சிறிய ஸ்போர்ட்ஸ் கார்கள், வெயிலுக்கு ஏங்கும் குளிர்நாட்டார் தமக்கெனச் செய்துகொண்டவை. வெயிலுக்கு ஒதுங்கி நிழல் தேடும் நம்மவரும் அவற்றின்மீது ஆசை கொண்டது சிறிது விந்தைதான். அத்தகைய கார் ஒன்றைத் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வைத்திருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி கொளுத்தும் வெயில். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழை. இவ்விரண்டுக்கும் நடுவே ஓயாத உப்புக்காற்று. அயலிலுள்ள ஊருக்கு உப்புவெளி என்று பெயர் வைத்தவர்கள் பொருளறிந்தே வைத்தார்கள் போலும்! கித்தான் கூரை இவற்றுக்கு நெடுங்காலம் ஈடுகொடாது. ஆகவே, "கித்தானை எறிந்துவிட்டு நிலையான கூரை ஒன்றைப் போட்டாலென்ன?" என்னும் எண்ணம் எழுவது இயல்பே. மூடிய கூரையுடைய இத்தகைய இரண்டு கதவுக் காரைக் கூப்பே என்பர்.

இதனைச் செய்ய முற்படுமுன், காரின் பலம் எங்கே இருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். தீப்பெட்டி ஒன்றை எடுத்து, அதன் உள்தட்டை மட்டும் வெளியே இழுத்து இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்குங்கள். எளிதில் முறுகும். மீண்டும் உறைக்குள் செலுத்தி முறுக்கினால் அசையாது. திறந்த கார் அந்த உள்தட்டைப் போன்றது. மேலே கூரை இல்லாமையால், கதவின் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் ஓடும் பெட்டி வடிவான இரும்புச் சட்டமே பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. இதனைக் கதவடிச் சட்டம் என்று கொள்வோம்.

துறைமுக நகரத்தில் துரு முதலில் தின்பதும் இதனைத்தான். உப்பு ஈரம் பெட்டியின் உள்ளே தங்கி, வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். சட்டத்தின் நடுவே ஜாக்கி கொடுத்து வண்டியைச் சிறிது உயர்த்துகையில், கதவுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி மாறினால், அவ்வண்டி கூரைக்கு ஏற்றதன்று. முதலில் சட்டத்தைச் செப்பனிட வேண்டும். துருவேறிய சட்டத்தின்மேல் கூரையைப் பற்றவைத்தால், வளைந்த வண்டி வளைந்தபடியே நிலைத்துவிடும். பின்னர் கதவுகள் ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தப்படா.

எல்லாக் கார்களுக்கும் இவ்வேலை ஒரே வகையினது அன்று. 1959இல் வெளிவந்த ட்ரயம்ப் ஹெரால்ட் காருக்குத் தனியான அடிச்சட்டம் உண்டு. அதன் கூரையோ போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. கழற்றினால் திறந்த வண்டி, பூட்டினால் மூடிய வண்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்னும் பெயரில் செய்யப்பட்டமையால், இவ்வண்டி நம்மில் முதியோர் பலருக்குப் பழக்கமானதே. 1962இல் வந்த எம்.ஜி.பி. வேறு இனத்தது. அதற்குத் தனி அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். அதன் திறந்த வண்டியில் முன்கண்ணாடியின் சட்டம் அலுமினியத்தாலானது, போல்ட்டால் பூட்டப்பட்டது. 1965இல் இத்தாலியின் பினின்பரீனா நிலையத்தார் அதற்குக் கூரை அமைத்தபோது, உயரமான முன்கண்ணாடியும் உடலோடு ஒன்றிய உருக்குத் தூண்களும் வேண்டியிருந்தன. அலுமினியத்தோடு உருக்கைப் பற்றவைத்தல் பட்டறையில் ஆகாத காரியம். அவ்விரண்டையும் வெறுமனே பொருத்தினாலும் உப்பு ஈரம் பட்ட இடத்தில் அரிப்புத் தோன்றும். கப்பலின் அடியில் நாகக் கட்டிகளைப் பூட்டும் துறைமுகத் தொழிலாளருக்கு இந்த வித்தையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆதலால் திருகோணமலையில் எளிதாக நிறைவேறக்கூடியது கண்ணாடியிழைக் கூரை என்பதே என் கருத்து. மீன்பிடிப் படகுகளைக் கண்ணாடியிழையால் வார்க்கவும் பழுதுபார்க்கவும் கைதேர்ந்தோர் கரையோரமெங்கும் உளர். அச்சுச் செய்து, இழைப்பாயை விரித்து, பிசின் பூசி, அடுக்கடுக்காக வார்க்கும் அந்தக் கைத்திறனே கூரைக்கும் வேண்டுவது. ஆனால் அதனைப் பூட்டும் இடங்களில் ரப்பர் வைத்தல் வேண்டும். இறுகப் பூட்டினால் வண்டி முறுகுந்தோறும் மூலைகளில் வெடிப்பு விழும். இத்தகைய கூரை வெயிலையும் மழையையும் தடுக்குமேயன்றி, வண்டி குடைசாய்ந்தால் தலையைக் காக்குமென்று நம்பிவிடக்கூடாது. அந்தக் காவலும் வேண்டுமாயின், உள்ளே உருக்குக் குழாயாலான வளைவு ஒன்றைத் தளத்தின் உறுதியான பகுதியிலிருந்து எழுப்ப வேண்டும்.

உருக்குக் கூரையே வேண்டுமென்பார், பெட்ரோல் தாங்கியையும் பற்றரியையும் முதலில் அகற்றுக. வண்டி சமதரையில் நிற்க, கதவு வழிகளின் குறுக்கே தற்காலிகக் கம்பிகளைப் பற்றவைத்த பின்னரே வெட்டத் தொடங்குக. பின்தூண்களின் அடி மேல்தகட்டோடு நில்லாது, சக்கரக் கூட்டின் உட்பகுதி வரை இறங்குதல் வேண்டும். கண்ணாடி விஷயத்தில் பலர் முறைமாறிச் செய்து பணத்தை இழக்கின்றனர். பதப்படுத்திய கண்ணாடியைப் பின்னர் வெட்ட இயலாது; வெட்டினால் முழுவதும் நொறுங்கும். வேறொரு காரின் பின்கண்ணாடியை முதலில் தேடிக்கொண்டு, அதன் அளவுக்கே கூரையை வரைதல் நன்று.

பாரத்தையும் மறக்கலாகாது. ஹெரால்டை வரைந்த மிக்கலோட்டி, 1963 அளவில் ட்ரயம்ப் ஸ்பிட்பயர் காருக்குச் சரிவான கூரை அமைத்தார். வடிவு அழகியதே, ஆயினும் 1147 கன சென்ரிமீற்றர் இயந்திரம் அப்பாரத்தை இழுக்கத் திணறியது. 1966இல் ஜி.டி.6 என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது, இரண்டு லீற்றர் இயந்திரம் பூட்டப்பட்டிருந்தது. அக்கூரையின் வடிவத்தைப் பந்தய ஸ்பிட்பயர் வண்டிகளுக்கு இலேசாகச் செய்து பூட்டியபோதோ, காற்றைக் கிழிக்கும் திறன் கூடி, 1965இல் லெமான் பந்தயத்தில் தம் வகுப்பில் வெற்றி கண்டன. கூரை மெல்லியதாயின் பயன் மிகுதி.

உடலமைப்பு மாறுவதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து ஒப்புதல் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்குக. வேலை முடிந்ததும் மாரிக்குக் காத்திராமல், கூரைமேல் வாளி வாளியாக நீர் ஊற்றி, கதவடிச் சட்டத்தின் வடிதுளைகள் வழியே அது வெளியேறுகிறதா என்று குனிந்து பாருங்கள்.