மஞ்சளும் நமது கடமையும்

நமது நாட்டில் மஞ்சளை அறியாத வீடு உண்டா? குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால், தாயின் கை முதலில் நாடுவது அஞ்சறைப் பெட்டியைத்தான். வீக்கத்திற்கு மஞ்சள் பற்றுப் போடுவதையும், சளி கண்டவனுக்கு மஞ்சளும் மிளகும் இட்ட பால் கொடுப்பதையும் நம் பாட்டிமார் எந்தக் கலாசாலையில் கற்றார்கள்? ஆயினும், மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறை தங்களுடைய புதுமை என்று கூறி, அமெரிக்காவின் மிஸிஸிப்பி சர்வகலாசாலை மருத்துவ நிலையத்தார் 1995-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அந்நாட்டுச் சர்க்காரிடம் பேடண்ட் உரிமை பெற்றுவிட்டார்கள். அம்முறையைக் கண்டவர்களாகக் குறிக்கப்பட்ட இருவரும் இந்திய வம்சத்தினர் என்பதை எண்ணுங்கால் நகைப்பதா, விசனப்படுவதா என்று தெரியவில்லை.

அப்பொழுது டாக்டர் மஷேல்கரைத் தலைவராகக் கொண்டிருந்த நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் வாளாவிருக்கவில்லை. பழைய சம்ஸ்கிருத நூலும், 1953-இல் இந்திய வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் வெளியான கட்டுரையும் உட்பட 32 ஆதாரங்களை அது எடுத்துக்காட்டிற்று. 1997 ஆகஸ்டில் அவ்வுரிமை செல்லாதென்று முடிவாயிற்று. தேசாபிமானிகள் அனைவரும் அன்று பெருமிதம் கொண்டது நியாயமே.

ஆனால், அன்று தீர்மானிக்கப்பட்டது யாது? மஞ்சளின் உபயோகம் புதிதன்று என்பது மட்டுமே. இன்ன நோயை அது தீர்க்கும் என்று எந்தப் பேடண்ட் காரியாலயமும் தீர்ப்புக் கூறவில்லை. பழமை என்பது உரிமைக்குச் சாட்சி. குணத்திற்குச் சாட்சி ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் நம்மிடையே பலர் இருப்பதனாலேயே இதை எழுத முன்வந்தோம்.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்னும் வஸ்து 1815-இலேயே ஐரோப்பாவில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு 1910-இல் தெளிவாயிற்று. மஞ்சள் தூளில் அது நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கே இருக்கும். பிராணவாயுவின் சேர்க்கையால் உயிரணுக்களுக்கு விளையும் சிதைவைத் தடுக்கும் சக்தியையும், அழற்சியைத் தூண்டும் வழிகளை அடக்கும் சக்தியையும் சோதனைக் குழாயில் அது காட்டுகிறது. மனித சரீரத்திலோ கதை வேறு. உண்ட குர்குமினில் மிகச் சொற்பமே இரத்தத்தில் கலக்கிறது. கலந்ததும் விரைவில் மாறிவிடுகிறது. மிளகின் சத்தைச் சிறிது சேர்த்தால் இரத்தத்தில் கலக்கும் அளவு இருபது மடங்கு உயர்வதைப் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் கண்டனர். பாலில் மிளகிட்ட பாட்டியை இங்கே நினையாதிருக்க முடியுமா? எனினும், சொற்பம் இருபது மடங்கானாலும் பெரும் அளவாகிவிடாது.

2017-இல் அமெரிக்க ரசாயன நிபுணர் சிலர் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். குர்குமின் எளிதில் மாறுவது. பல புரதங்களோடு ஒட்டுவது. ஆதலால் சோதனைக் குழாயில் பொய்யான நம்பிக்கை தரவல்லது என்று அவர்கள் எச்சரித்தார்கள். நோயாளியும் வைத்தியரும் எது மருந்து, எது போலி என்று அறியாத வகையில் நடத்திய கண்டிப்பான சோதனை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்றும் கூறினர். அதனோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 2020-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் முழங்கால் மூட்டுவாதமுற்ற 70 பேரிடம் பன்னிரண்டு வாரம் அதே கண்டிப்பான முறையில் மஞ்சள் சத்தைச் சோதித்தார்கள். போலி மருந்து உண்டவர்களைவிட மஞ்சள் உண்டவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் மூட்டிலிருந்த அழற்சி வீக்கம் குறையவில்லை. மஞ்சள் வெறும் மாயையன்று; சர்வரோக நிவாரணியுமன்று. இதுவே இன்றைய உண்மை நிலை.

இவ்வுண்மையைச் சொல்லாமல் மஞ்சள் சத்து மாத்திரைகளை விற்போர் உளர். சமையலில் இடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், செறிவூட்டிய மாத்திரைகளை உண்ட சிலருக்கு ஈரல் கெட்டதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கின்றனர். மாத்திரையை நம்பி வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தும் ஏழைக்கு வரும் கேட்டிற்கு யார் பொறுப்பாளி?

பாரம்பரிய அறிவைப் பிறர் கவராதபடி 2001 முதல் நமது சர்க்கார் சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களிலுள்ள முறைகளைப் பதிவு செய்து வருகிறது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேலி போட்டாயிற்று, உள்ளே விளைவது என்ன என்று அறிய வேண்டாமா? சித்த வைத்தியர்களும் மேனாட்டு முறை டாக்டர்களும் ஒருங்கே அமர்ந்து, எந்த நோய்க்கு, எந்த அளவில், எத்தனை நாள் என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நேர்மையாகச் சோதிக்க வேண்டும். முடிவு நமக்குச் சாதகமாயினும் பாதகமாயினும் மறைக்காமல் வெளியிட வேண்டும். அதற்குரிய பணத்தைச் சர்க்கார் தாராளமாக ஒதுக்கவேண்டும்.

நமது பொருளை நாமே சோதிக்க அஞ்சினால், அதன் குணத்தையும் குற்றத்தையும் பிறர் சொல்லித்தான் நாம் அறிய நேரும். அதைவிட அடிமைத்தனம் வேறு உண்டோ?