வளரும் வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டும் பெரிய செலவு. இரண்டிலும் கடன் சேரும். ஆனால் கல்யாணம் ஒரு நாளில் முடிந்துவிடும். வீடு அப்படி முடியாது.

உழைத்துப் பிழைக்கும் குடும்பம் எப்படி வீடு கட்டுகிறது? இந்த ஆண்டு அஸ்திவாரம் போடும். கையில் பணம் சேர்ந்தால் சுவர் எழுப்பும். மேலே தகரம் போட்டுக் குடிபோகும். சில ஆண்டு கழித்துத் தளம் போடும். மகனுக்குக் கல்யாணம் ஆகும்போது இன்னொரு அறை கட்டும். குடும்பம் வளர வளர வீடும் வளரும்.

ஏழை வீடு கட்டும் இந்த முறையையே ஒரு நகரம் தன் திட்டமாக ஆக்கிக்கொண்டது. அது மத்தியப் பிரதேசத்தில் உள்ள இந்தூர் நகரம். அங்கே என்ன நடந்தது? அதில் நமக்கு என்ன பாடம்? வாருங்கள், பார்ப்போம்.

வேலை இருந்தது, வீடு இல்லை

இந்தூர் மத்தியப் பிரதேசத்தின் மிகப் பெரிய நகரம். ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். பிழைப்புத் தேடிப் பல கிராமங்களிலிருந்து மக்கள் அங்கே வந்தார்கள். ஆலையில் வேலை செய்தார்கள். மூட்டை சுமந்தார்கள். கட்டட வேலைக்குப் போனார்கள். தள்ளுவண்டியில் வியாபாரம் செய்தார்கள்.

நகரம் அவர்களுக்கு வேலை கொடுத்தது. குடியிருக்க இடம் கொடுக்கவில்லை. ஆற்றங்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு கணக்கு எடுக்கப்பட்டது. சுமார் 51,000 குடும்பங்களுக்கு வீடே இல்லை, அல்லது அனுமதி இல்லாத இடத்தில் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

இந்தக் குடும்பங்கள் சம்பாதித்தன. பிறகு ஏன் சுவர் வைத்து வீடு கட்டவில்லை? காரணம் எளிது. நிலம் அவர்களுடையது அல்ல. எந்த நாளிலும் அதிகாரிகள் வந்து காலி செய்யச் சொல்லலாம். நாளைக்கு இடிபடப் போகும் வீட்டுக்கு இன்றைக்கு யார் செங்கல் வாங்குவார்கள்? கையில் பத்திரம் இல்லாததால் வங்கியும் கடன் தராது. வட்டிக்காரரிடம் வாங்கினால் வட்டி கட்டியே கூலி தீர்ந்துவிடும்.

ஆக, ஏழையிடம் உழைப்பு இருந்தது. கொஞ்சம் சேமிப்பும் இருந்தது. நிலத்தின் மீது உரிமை மட்டும் இல்லை.

முழு வீடு கட்டிக் கொடுத்தால் என்ன?

அரசே எல்லாருக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1,000 வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 51,000 குடும்பங்களுக்கும் கட்டி முடிக்க 51 ஆண்டு ஆகும். அதற்குள் பேரன் பேத்திகள் பிறந்துவிடுவார்கள். புதிதாக எத்தனையோ குடும்பங்கள் நகருக்கு வந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முழு வீட்டின் விலை அதிகம். மாதத் தவணையும் அதிகம். கூலி வேலை எல்லா மாதமும் ஒரே மாதிரி கிடைக்காது. மழைக்காலத்தில் கட்டட வேலை நின்றுபோகும். தவணை கட்ட முடியாமல் போனால் வீடே கையை விட்டுப் போய்விடும்.

எனவே இந்தூர் வளர்ச்சிக் குழுமம் வேறு வழியை யோசித்தது. நகரத்தின் வளர்ச்சி வேலைகளைத் திட்டமிட்டுச் செய்யும் அரசு அமைப்பு இது. ஏழையால் தனியாகச் செய்ய முடியாதது எது? அதை அரசு செய்யட்டும். ஏழையால் செய்ய முடிந்தது எது? அதை அவரே செய்துகொள்ளட்டும். இதுதான் அந்த யோசனை.

ஒரு குடும்பத்தால் தனியாகக் குடிநீர்க் குழாய் கொண்டுவர முடியாது. சாக்கடை அமைக்க முடியாது. சாலை போட முடியாது. நிலத்துக்கு உரிமை தேடிக்கொள்ள முடியாது. இவை அரசின் வேலை. சுவர் எழுப்புவதும் கூரை போடுவதும் குடும்பத்தால் முடியும்.

குடிசைப் பகுதியில் கற்ற பாடம்

திட்டத்தை வகுக்கும் பொறுப்பு பி.வி. தோஷி என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. அவர் அகமதாபாத்தில் நடத்திவந்த வாஸ்து சில்பா அறக்கட்டளை இந்த வேலையை ஏற்றது. அவருடைய குழுவினர் இந்தூரின் குடிசைப் பகுதிகளுக்குச் சென்றார்கள். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கவனித்தார்கள்.

வீடு என்பது நான்கு சுவருக்குள் முடிந்துவிடவில்லை என்று அங்கே தெரிந்தது. வாசலில் பெண்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். மரத்தடியில் பெரியவர்கள் பேசுகிறார்கள். தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். முன்பக்கத்தில் சிறு கடை நடக்கிறது. வாசலை ஒட்டி உயரமான மேடை இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்கள் அதை ‘ஓட்லா’ என்பார்கள். நம் ஊர்த் திண்ணைதான் அது.

வாசலும் திண்ணையும் தெருவும் ஏழைக்கு வீட்டின் பகுதிகள். சிலருக்கு அதுவே பிழைக்கும் இடம். அவற்றை விட்டுவிட்டு அறையை மட்டும் கொடுத்தால் வாழ்க்கை ஓடாது. இதை மனத்தில் வைத்தே புதிய குடியிருப்பு வரையப்பட்டது.

ஆரண்யா குடியிருப்பு

நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் இடம் ஒதுக்கப்பட்டது. பரப்பு சுமார் 85 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் சுமார் 210. குடியிருப்புக்கு ஆரண்யா என்று பெயர். அதில் சுமார் 6,500 மனைகள். இடம் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. நடுவில் கடைவீதி வைக்கப்பட்டது.

மனைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிகவும் ஏழைகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். அதாவது சுமார் 375 சதுர அடி. ஒரு சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு.

இந்தச் சிறிய மனையோடு என்ன கிடைத்தது?

தளமட்டம் வரை அஸ்திவாரம் கிடைத்தது.
கழிப்பறையும் குளிக்கும் இடமும் கிடைத்தன.
தண்ணீரும் மின்சாரமும் வந்தன.
ஓர் அறையும் பெற வழி இருந்தது.

கழிவுநீருக்கு இருபது வீடுகளுக்கு ஒரு செப்டிக் டாங்க் அமைக்கப்பட்டது. பத்துப் பத்து வீடுகள் ஒரு கூட்டமாகத் தெருவைப் பார்த்து அமைந்தன. பின்பக்கம் முற்றம் விடப்பட்டது.

மீதி வீட்டை யார் கட்டுவது? குடும்பம்தான். செங்கல், கல், கான்கிரீட் என எதை வைத்தும் கட்டலாம். முடிந்தபோது கட்டலாம். எப்படிக் கட்டலாம் என்று காட்டுவதற்காக 80 மாதிரி வீடுகளைத் தோஷி வடிவமைத்தார். ஓர் அறை வீடும் அதில் இருந்தது. பெரிய வீடும் இருந்தது. மக்கள் அவற்றைப் பார்த்து, தங்கள் வசதிக்கு ஏற்பக் கட்டிக்கொண்டார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

மனை இலவசம் அல்ல. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து முன்பணம் வாங்கப்பட்டது. மீதிப் பணம் மாதத் தவணை.

இதில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. குடியிருப்பின் ஓரங்களிலும் நடுச்சாலையை ஒட்டியும் பெரிய மனைகள் இருந்தன. அவை வசதி உள்ளவர்களுக்கு. கடைகளுக்கும் இடம் விற்கப்பட்டது. அதில் வந்த லாபம் ஏழைகளின் மனை விலையைக் குறைக்க உதவியது. பந்தியில் வசதி உள்ளவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால், இல்லாதவருக்கும் இலை போடலாம் அல்லவா? அது போலத்தான் இதுவும்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. ஏழைகளை மட்டும் ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் தள்ளிவைக்கவில்லை. வசதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே குடியிருப்பில் இருந்தார்கள். கடைக்காரருக்கு வியாபாரம் நடந்தது. கூலிக்காரருக்குப் பக்கத்திலேயே வேலையும் கிடைக்க வாய்ப்பு இருந்தது.

கிடைத்த பெருமை, தெரிந்த குறை

1989ல் ஆரண்யா உருவானது. 1995ல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது. கட்டடக்கலையில் உலகின் மிக உயர்ந்த விருது பிரிட்ஸ்கர் விருது. 2018ல் தோஷிக்கு அது வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். ஆரண்யாவில் 80,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. தோஷி 2023ல் காலமானார்.

பெருமை இருக்கட்டும். குறையையும் பார்க்க வேண்டும்.

மனை வாங்கிய எல்லா ஏழைகளும் அங்கே நிலைக்கவில்லை. சிலர் மனையை விற்றுவிட்டுப் போனார்கள். ஏன் விற்றார்கள்? ஏழைக் குடும்பத்தில் ஒரு நோய் வந்தால் போதும். ஒரு கல்யாணம் வந்தால் போதும். அவசரத்துக்குப் பணம் வேண்டும். நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகும். நல்ல விலை வந்தால் மனம் அசையும். விற்ற பணம் சில மாதத்தில் கரைந்துவிடும். பிறகு அதே ஊரில் ஒரு மனை வாங்க முடியுமா? மறுபடியும் குடிசைதான்.

ஆகவே மனை கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. வேலை பக்கத்தில் இருக்க வேண்டும். குறைந்த வட்டியில் அவசரக் கடன் கிடைக்க வேண்டும். அப்போதுதான் ஏழையின் கையில் மனை தங்கும்.

இருந்த இடத்திலேயே வசதி

எல்லாரையும் புது இடத்துக்கு மாற்ற முடியாது. மாற்றவும் கூடாது. வேலை ஓரிடம், வீடு வேறிடம் என்றால் கூலியில் பாதி பஸ் கட்டணத்துக்கே போய்விடும்.

அதனால் இந்தூரிலேயே இன்னொரு திட்டமும் நடந்தது. ஹிமான்ஷு பாரிக் என்ற பொறியாளர் அதை வகுத்தார். குடிசைப் பகுதிகள் பெரும்பாலும் ஆற்றையும் ஓடையையும் ஒட்டித் தாழ்வான இடத்தில் இருந்தன. தண்ணீர் இயல்பாக ஓடும் பாதை அது. அந்தப் பாதையிலேயே கழிவுநீர்க் குழாய்களைப் பதித்தார்கள். குடிசைப் பகுதிகளுக்குச் சாலையும் தண்ணீரும் விளக்கும் வந்தன. யாரையும் பெரிய அளவில் வெளியேற்றாமல் வேலை நடந்தது. 1998ல் இதற்கும் ஆகா கான் விருது கிடைத்தது.

ஆனால் குழாய்களைப் பராமரிப்பது பற்றிப் பின்னால் குறைகள் எழுந்தன. குழாய் பதிப்பது ஒரு நாள் வேலை. அதை அடைக்காமல் வைத்திருப்பது தினசரி வேலை. நகராட்சியும் மக்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

அண்மைக் காலத் திட்டங்கள்

2015 ஜூன் மாதம் மத்திய அரசு நகரங்களுக்கான பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒரு பிரிவு, சொந்த மனை உள்ள ஏழைகளுக்கு. அவர்கள் தாங்களே வீடு கட்டிக்கொள்ள மத்திய அரசு 1.5 லட்சம் ரூபாய் உதவி தந்தது. வேலை நடக்க நடக்கப் பணம் பகுதி பகுதியாக வந்தது. ஏழை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவார் என்பதை இத்திட்டமும் ஏற்றுக்கொண்டது. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்றும் விதி வைத்தது. 2024 செப்டம்பரில் இதன் இரண்டாம் கட்டம் தொடங்கியது.

பெண்ணின் பெயரில் பத்திரம் இருந்தால் என்ன நன்மை? அவளுக்குத் தெரியாமல் வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. ஆரண்யாவில் தெரிந்த குறைக்கு இது ஓரளவு மருந்து.

நிலம் குறைவாக உள்ள இடங்களில் அடுக்குமாடி வீடுகளும் கட்டப்படுகின்றன. 2021 ஜனவரி முதல் நாள் ஆறு நகரங்களில் புதிய முறையில் விரைவாக வீடு கட்டும் வேலை தொடங்கியது. இந்தூருக்கு 1,024 வீடுகள். சென்னைக்கு 1,152 வீடுகள். அடுக்குமாடியில் குறைந்த நிலத்தில் பலர் குடியிருக்கலாம். ஆனால் அங்கே வீடு வளராது. கூடுதல் அறை கட்ட முடியாது. லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மாதாமாதம் செலவு உண்டு. எந்த முறையிலும் நன்மையும் உண்டு, சிரமமும் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

நினைவில் வைப்போம்

வீட்டுத் திட்டத்தில் சேரும் முன் நகராட்சி அலுவலகத்தில் நேரில் விசாரிக்க வேண்டும். இடைத்தரகரிடம் பணம் கொடுக்கக் கூடாது. கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது வாங்க வேண்டும். பத்திரத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு பெரிய பலம்.

செங்கல்லும் சிமெண்டும் பணம் வரும்போது வரும். முதலில் வேண்டியது காலடியில் உரிமையுள்ள நிலம். அதில் தண்ணீரும் சாக்கடையும் வேண்டும். அது கிடைத்தால் ஏழை தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்வார். இந்தூர் சொல்லும் செய்தி இதுதான்.

பேசிப் பார்ப்போம்

1. நம் ஊரில் பட்டா இல்லாமல் எத்தனை குடும்பங்கள் குடியிருக்கின்றன?
2. முழு வீடு நல்லதா? மனையும் வசதிகளும் நல்லதா? ஏன்?
3. அவசரத்துக்கு மனையை விற்காமல் இருக்க என்ன வழி?
4. நம் தெருவின் சாக்கடையைப் பராமரிப்பது யார் பொறுப்பு?