மீன் தொட்டி ஹீட்டர் மக்கர் பண்ணினால்...

(வானொலி வேளாண் உரை)



கறவை மாடு, நாட்டுக்கோழி மாதிரி வண்ண மீன் வளர்ப்பும் இப்போது ஒரு உபதொழிலாகி வருகிறது. சென்னைக் கொளத்தூர் இதற்குப் பேர் போன இடம். அங்கிருந்து ஜோடி மீன் வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் கண்ணாடித் தொட்டி வைத்துக் குஞ்சு எடுக்கிறவர்கள் உண்டு. மார்கழி, தை வந்தால் அவர்களுக்கு ஒரு கவலை. ராத்திரி நன்றாக இருந்த மீன், விடிந்து பார்த்தால் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். தொட்டு, அதாவது தண்ணீரைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். ஹீட்டர் வேலை செய்யவில்லை!

எல்லா மீனுக்கும் ஹீட்டர் வேண்டுமா என்றால், வேண்டாம். தங்கமீனும் கோய் கெண்டையும் குளிரைத் தாங்கும். கப்பி, மோலி ஓரளவு தாங்கும். ஏஞ்சல் மீனுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வேண்டும். டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30. சமவெளியில் வருஷத்தில் பெரும்பாலான மாதம் ஹீட்டரைச் சுருட்டி வைத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் விடியற்காலையில் 15, 16 டிகிரிக்கு இறங்குவது உண்டு. அங்கே டிஸ்கஸ் வைத்திருப்பவர் ஹீட்டரை நம்பித்தான் ஆகணும்.

கோழிக்குஞ்சுக்குக் குண்டு பல்பு போடுகிறோமே, அதே சங்கதிதான். ஒரு வித்தியாசம். குளிர்ந்தால் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சூடு தேடும். மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாகக் கிடையாது. தண்ணீர் என்ன சூடோ, அதுதான் அதன் சூடு. தண்ணீர் மெதுவாகக் குளிர்ந்தால் சமாளித்துக்கொள்ளும். ஒரே ராத்திரியில் நாலைந்து டிகிரி இறங்கினால்தான் ஆபத்து.

ஹீட்டர் இரண்டு விதமாகக் கெடும். உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் அறுந்துபோய்ச் சூடே வராமல் நின்றுவிடுவது ஒன்று. இதைவிடப் பொல்லாதது, சூடு நிற்காமல் ஏறிக்கொண்டே போவது. இஸ்திரிப் பெட்டியில் இருக்கிற மாதிரி, பழைய ரக ஹீட்டரில் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு உண்டு. சூடேறினால் அது வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஒவ்வொரு தடவையும் சின்னப் பொறி பறந்து பறந்து, ஒரு நாள் அந்த முனை உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது நிற்காது. மீன் வெந்துபோகும்.

எதுவானாலும், தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கண்ணாடிக் குழாயில் கீறல் விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் முழுக்க மின்சாரம் பாயும். ஈரக்கையோடு தொட்டால் மீன் பிழைக்கும், நீங்கள் பிழைக்க மாட்டீர்கள். பிளக்கைப் பிடுங்கி ஒரு கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் ஹீட்டரை வெளியே எடுக்கணும். சுடுகிற கண்ணாடியில் காற்றோ பச்சைத் தண்ணீரோ பட்டால் படாரென்று வெடிக்கும். அதனால் வெளியில் வைத்துச் சோதிக்கவும் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, பிளக்கைச் செருகி, கால் மணி கழித்துப் பிடுங்கிவிட்டு, அப்புறம் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள்.

சரி, தண்ணீர் குளிர்ந்துவிட்டது, புது ஹீட்டர் வாங்க டவுனுக்குப் போகணும். அதுவரை என்ன செய்வது? முதலில் இருக்கிற சூட்டைக் காப்பாற்றுங்கள். தொட்டியின் நாலு பக்கமும் தெர்மோகோல் அட்டை, இல்லையென்றால் உலர்ந்த கோணிச்சாக்கைச் சுற்றுங்கள். மேலேயும் மூடி, காற்றுப் போக ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். சூடு அதிகம் போவது மேல் பக்கமாகத்தான்.

அடுத்தது வெந்நீர்ப் பாட்டில். மூடி இறுக்கிய பாட்டிலில் சூடான தண்ணீரை ஊற்றித் தொட்டியில் மிதக்க விடுங்கள். தொட்டி விளிம்பு வரை இருந்தால் கொஞ்சம் தண்ணீரை முன்னதாகவே மொண்டு எடுத்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் பாட்டில் சுருங்கிப்போகும். வெந்நீரை நேராகத் தொட்டியில் ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். "ஒரு பாட்டில் போதுமா?" என்று கேட்பீர்கள். கணக்குப் பாருங்கள்: 100 லிட்டர் தொட்டியில், 60 டிகிரி சூடுள்ள 2 லிட்டர் பாட்டில் முழுக்க ஆறினாலும் முக்கால் டிகிரிதான் ஏறும். ஆகவே மாற்றி மாற்றிப் போடணும். மணிக்கு ஒரு டிகிரி, மிஞ்சிப்போனால் இரண்டு. அவசரப்படாதீர்கள்.

அன்றைக்குத் தீனி போடாதீர்கள். குளிரில் மீனுக்குச் செரிக்காது, போட்டதெல்லாம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கரண்டே இல்லாமல் காற்று மோட்டாரும் நின்றுபோனால், ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

தண்ணீர் சூடேறிப்போயிருந்தால் வைத்தியமே வேறு. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிளக்கைப் பிடுங்கி, மூடியை எடுத்து, காற்று மோட்டாரை முழு வேகத்தில் விடுங்கள். ஐஸ் கட்டியை நேரே போடாமல் பாட்டிலில் அடைத்து மிதக்க விடுங்கள். ஒரு லிட்டர் ஐஸ் 100 லிட்டர் தண்ணீரைச் சுமார் ஒரு டிகிரி குறைக்கும். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றலாம், ஆனால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீராக இருக்கணும்.

புதிதாக வாங்கும்போது லிட்டருக்கு ஒரு வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தொட்டிக்கு 100 வாட்டில் ஒன்று வாங்குவதைவிட 50 வாட்டில் இரண்டு வாங்குவது மேல். ஒன்று நின்றுபோனாலும் மற்றது பாதிச் சூட்டைக் காக்கும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் 50 வாட்டால் அவ்வளவு சீக்கிரம் மீனை வேகவைக்க முடியாது. கூடவே ஒரு தெர்மாமீட்டர். காலை பால் கறக்கப் போகும்போது ஒரு பார்வை, ராத்திரி படுக்கும் முன் ஒரு பார்வை.

மீன் தெளிந்து நீந்தினாலும் ஒரு வாரம் உற்றுப் பாருங்கள். குளிர் பட்ட மீனுக்கு வெண்புள்ளி நோய் வரும். உடம்பிலும் செதிலிலும் ரவை தூவின மாதிரி புள்ளி தெரியும், மீன் கல்லில் உரசிக்கொள்ளும். தெரிந்த உடனே லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு வீதம் கரைத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தவணையாக விடுங்கள். செடி வைத்த தொட்டியானால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு அங்கே செய்யுங்கள், உப்பு செடியைக் கருக்கிவிடும். புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல், மேலும் ஒரு வாரம் அந்த உப்புத் தண்ணீரிலேயே இருக்கட்டும்.