வயிறு சுருங்கியது, ஆசை?

மட்டாஞ்சேரியில் நாவைக் கட்டுவது சுலபமல்ல. ரஹ்மத்துல்லா ஹோட்டல் பிரியாணி, குஜராத்திகளின் இனிப்பு, கொங்கணிகளின் அப்பளம், எண்ணெயில் பொரியும் நேந்திரங்காய் வறுவல்... கொச்சியின் இந்தப் பழைய வணிகப் பகுதியில் சிறிது தூரம் நடந்தாலே பாதி இந்தியாவை ருசித்துவிடலாம். உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புபவருக்கு இதைவிடக் கடுமையான சோதனைக்களம் வேண்டாம்.

கேரளத்துப் பெண்களில் 38 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள் என்றது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. தமிழ்நாட்டில் 40 சதவீதம். நிதின் கட்கரி 2011இலும் அருண் ஜேட்லி 2014இலும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அதற்குப் பிறகான சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்படவில்லை.

‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். எனவே முதல் சில மாதங்கள் பசியே தெரியாது. ஆசை ஒழிந்தது என்று பலர் நிம்மதியடைவது அப்போதுதான். பிறகு பசி மெல்லத் திரும்புகிறது. சின்ன வயிற்றிலும் தடையின்றி இறங்குபவை ஐஸ்கிரீம், பிஸ்கெட், வறுவல். வயிறு நிறையாது; கலோரி ஏறும். இழந்த எடையும் வந்து சேரும்.

இங்கேதான் புரதம் கைகொடுக்கிறது. அது வயிற்றில் நெடுநேரம் தங்குகிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களைத் தூண்டுகிறது. மாவுச்சத்தைப் போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றி இறக்குவதில்லை. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் தேவை என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. குறைந்தால் தசை கரையும், முடி கொட்டும்.

ஆனால் ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். 100 கிராம் மத்தியில் சுமார் 20 கிராம். கொச்சிக்காரர்கள் சாளை என்று அழைக்கும் இந்த மீன், டப்பாவில் விற்கும் புரதப் பவுடருக்குச் சளைத்ததல்ல. சைவர்களுக்குப் பனீர், தயிர், சோயா, கடலை உண்டு. சாம்பாரை நம்பினால் ஏமாற்றமே: அதில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

சில கரண்டிகளே கொள்ளும் வயிற்றில் வரிசை முக்கியம். முதலில் புரதம், அடுத்து காய், கடைசியில் சோறு. புட்டும் கடலையும் என்றால் கடலைக்கே முன்னுரிமை. சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். ஆரம்ப வாரங்களில் திரவ உணவு மட்டுமே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கவலையும் தனிமையும் கிளப்பும் பசியைப் புரதம் தீர்க்காது. அதற்கு மனநல ஆலோசனை தேவைப்படலாம்.

மற்றபடி கல்யாண வீட்டு விருந்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்தும் உறவினரிடம் மீன் துண்டை முதலில் கேட்டு வாங்கி, மென்று சாப்பிட்டால் போதும். பிரியாணிச் சோற்றுக்கு இரண்டு கரண்டிக்கு மேல் இடமிருக்காது.