தார் வண்டிக்குப் பெரிய டயர், லிஃப்ட் கிட்... டெல்டா சேற்றில் எடுபடுமா?

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் திருவையாறு பக்கம் போய்ப் பாருங்கள். வாய்க்கால் கரையில் பைக் போக முடியாத அளவுக்குச் சேறு கிடக்கும். அதே பாதையில் ஆளுயர சக்கரத்தோடு ஒரு டிராக்டர் சாவகாசமாகக் கடந்து போகும்.

இதைப் பார்த்தே வளர்ந்த பையன், படித்து வேலைக்குப் போய் ஒரு மஹிந்திரா தார் வாங்கியதும் என்ன நினைப்பான்? 'இதுக்கும் பெரிய டயரா மாட்டி, வண்டியைக் கொஞ்சம் தூக்கிவிட்டா என்ன?' டெல்டாவில் பல வீடுகளில் அப்பாவுக்கும் மகனுக்கும் இப்போது ஓடும் பட்டிமன்றம் இதுதான். ஆசையில் தப்பில்லை. ஆனால், பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

டயர் கணக்கு

2020-ல் வந்த தார் வண்டியின் ஏ.எக்ஸ் வகைக்கு 245/75 ஆர்16 டயர். உயரம் சுமார் 774 மி.மீ. வண்டிப் பிரியர்கள் ஆசைப்படும் '33 இன்ச்' டயர் என்பது 285/75 ஆர்16. உயரம் சுமார் 834 மி.மீ. வித்தியாசம் 60 மி.மீ.

வண்டி 60 மி.மீ. உயர்ந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஆக்ஸில் இருப்பது சக்கரத்தின் நடுவில். அதனால் அது உயர்வது பாதி, அதாவது 30 மி.மீ. மட்டும்.

இந்த 30 மி.மீட்டருக்குக் கொடுக்கும் விலை என்ன? புது டயரின் சுற்றளவு ஏறக்குறைய 8 சதவிகிதம் அதிகம். ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. மீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 86. இன்ஜின் சக்கரத்துக்குத் தரும் இழுவை சுமார் 7 சதவிகிதம் குறையும். பிரேக்கிலும் அதே கதைதான்: வழக்கமான அழுத்தத்தில் மிதித்தால், தரையில் கிடைக்கும் பிடி அதே அளவு குறைவு. டயரின் எடையும் கூடுவதால் மைலேஜும் அடிவாங்கும்.

தூக்கினால் என்ன ஆகும்?

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பது உயரமான ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர் போட்டு வண்டியை மேலே ஏற்றுவது. பழைய ஜீப்புகளில் லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பார்கள். 'பாடி லிஃப்ட்' என்பது வேறு. சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டைகள் வைத்து பாடியை மட்டும் உயர்த்துவது. பெரிய டயர் திரும்பும்போது மட்கார்டில் உரசாமல் இருக்க இரண்டில் ஒன்று தேவைப்படும்.

இங்கே பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தார் வண்டியின் பின் ஆக்ஸில் ஒரே தண்டு. அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையை எந்த லிஃப்ட் கிட்டும் ஒரு மி.மீ.கூட உயர்த்தாது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். டெல்டாவின் மண் பாதைகளில் டிராக்டர் சக்கரங்கள் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்து, நடுவில் மேடு விட்டிருக்கும். அந்த மேட்டில் முதலில் போய் உட்காருவது அந்த உருண்டைதான்!

தூக்கிய வண்டியில் முன்சக்கரங்களுக்குப் போகும் தண்டுகள் சாய்ந்து ஓடும். மூட்டுகளும் ரப்பர் உறைகளும் சீக்கிரம் தேயும். வீல் அலைன்மென்ட் மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியின் எடை மையம் உயரும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் வளைவுகளோடு ஒற்றைத் தார்ச்சாலை... இதுதான் நம் ஊர்ப் பாதை. திடீரென்று ஆடு குறுக்கே வந்து ஸ்டீயரிங்கை ஒடித்தால், உயரமான வண்டிதான் முதலில் சாயும்.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். அத்தனை உயரத்துக்கு ஏற்ற அகலமான அடிப்பகுதி அதற்கு இருக்கிறது. ஆமை வேகத்தில் நகரும் அந்தத் தேருக்கே, திருச்சி 'பெல்' நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்துகொடுத்தது. உயரம் கூடினால் அகலமும் பிரேக்கும் கூட வேண்டும் என்பது தேர் கட்டியவர்களுக்குத் தெரிந்த பாடம்.

களிமண் வேறு, மணல் வேறு

காவிரிப் படுகையின் களிமண் ஈரத்தில் பசைபோல ஒட்டும். டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டால், எவ்வளவு பெரிய டயரும் வழுக்கை டயர்தான். டிராக்டர் டயரில் கட்டைகள் இடைவெளிவிட்டுச் சாய்வாக இருப்பது, மண்ணை உதறித் தள்ளத்தான். தொளி உழவுக்கு மாட்டும் கேஜ் வீல் வெறும் இரும்புக் கூடாக இருப்பதும் அதற்காகவே. எனவே சேற்றில் முக்கியம் டயரின் உயரத்தைவிட அதன் பூ அமைப்பு.

இன்னொன்று, 2023-ல் இருந்து தார் பின்சக்கர இழுவை மட்டும் கொண்ட வகையிலும் விற்கிறது. அந்த வண்டியை எவ்வளவு தூக்கினாலும் முன்சக்கரம் இழுக்கப்போவதில்லை.

'வெள்ளம் வந்தால் உதவுமே' என்பார்கள். நான்கு சக்கர இழுவை தார் 650 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று நிறுவனமே சொல்கிறது. அது முழங்காலுக்கு மேல்! அதற்கும் மேலே ஓடுகிற தண்ணீர் வண்டியையே தள்ளும். அடியில் பாதை அரித்திருந்தால் மேலிருந்து தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் பாதையை அடைத்தவை விழுந்த தென்னைகள். அதற்குத் தேவைப்பட்டது மரம் அறுக்கும் இயந்திரமும் ஜே.சி.பி-யும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

அபராதம்கூடப் பெரிதில்லை. விபத்து என்று வரும்போது, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் கை விரித்தால்? வண்டிக்கடனோடு ஆஸ்பத்திரிச் செலவும் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

* அதே மாடலின் வேறு வகைக்கு நிறுவனமே தரும் அளவைப் பாருங்கள். தார் எல்.எக்ஸ் வகைக்கு 255/65 ஆர்18. உயரம் சுமார் 789 மி.மீ. மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.
* அளவை மாற்றாமல், சேற்றுக்கு ஏற்ற பூ உள்ள டயராக மாற்றுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.
* சேற்றில் இறங்கும் முன் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். தரையைத் தொடும் பரப்பு கூடும். தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் நிரப்புங்கள். சின்ன கம்ப்ரஸர் போதும்.
* இழுவைக் கயிறும் ஒரு மண்வெட்டியும் வண்டியிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. தூக்கிய வண்டியை வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால், கும்பகோணத்துக்கு டாக்டரிடம் போக வேண்டிய பாட்டி, மூட்டுவலியோடு அதில் எப்படி ஏறுவார்? அவருக்கு ஒரு முக்காலி தேட வேண்டியிருந்தால், அந்த 2 இன்ச் யாருக்காக என்று வீட்டோடு உட்கார்ந்து ஒருமுறை யோசிக்கலாம்.