வளைவில் சாயும் சக்கரம்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். இத்தனை குதிரைத்திறன், மணிக்கு இத்தனை மைல் வேகம் என்று கணக்குச் சொல்வதில் இளைஞர்களுக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால், அந்தத் திறன் சாலையைச் சென்று சேருகின்ற இடம் எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 700 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரை நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்கினால், ஒவ்வொன்றின் மீதும் விழுவது 175 கிலோகிராம். டயரிலுள்ள காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.4 கிலோகிராம் என்று கொள்வோம். அப்படியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 125 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு கையை விரித்துத் தரையில் வைத்தால் எவ்வளவு இடம் அடையுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். வண்டி ஓடுவதும் நிற்பதும் திரும்புவதும் இந்த நான்கு கையகல இடங்களை நம்பியே.

இவ்விடங்கள் வளைவுகளிலும் சாலையோடு நன்கு படிந்திருக்கும்படி சக்கரங்களின் கோணங்களை அமைப்பதையே பட்டறைக்காரர்கள் வீல் அலைன்மென்ட் என்கிறார்கள். அக்கோணங்கள் மூன்று. வண்டியை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களும் முன்பக்கம் சற்றே நெருங்கியிருந்தால் டோ இன். விலகியிருந்தால் டோ அவுட். மூன்றாவதான காஸ்டரை அறிய மிதிவண்டியின் முன்கவையைப் பார்த்தால் போதும். அது நேர்செங்குத்தாக இராமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதல்லவா? அந்தச் சாய்வினால்தான் திருப்பிய சக்கரம் தானே நேர்நிலைக்கு வர முயல்கிறது. காரிலும் அவ்வாறே.

இவற்றைப் பாடமாக ஒப்பிப்பது எளிது. நிற்கும் வண்டியில் அளந்த கோணம் ஓடும் வண்டியில் நிலைத்திருப்பதில்லை என்பதுதான் சிக்கல். இதை விளக்க ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்கிறேன். 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் அது. 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் குடும்ப வண்டியின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதை அமைத்தார்கள். அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னையிலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உருவாகி நம் தெருக்களில் ஓடியது. ஆகவே ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரக் குணங்களை அறிய நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை.

ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரங்களைக் கவட்டை வடிவான இரு புயங்கள் மேலும் கீழுமாகப் பிடித்திருக்கும். அது நல்ல அமைப்பு. பின்பகுதியிலோ செலவைச் சுருக்கி, ஊசல் அச்சு என்று சொல்லத்தக்க ஓர் அமைப்பை வைத்தார்கள். நடுவே டிஃபரென்ஷியல் பெட்டி. அதன் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு கமான் பட்டை. பெட்டியின் இருபுறமும் ஒவ்வோர் அரை அச்சு. ஒவ்வோர் அரை அச்சுக்கும் பெட்டியின் அருகில் மட்டுமே கீல் உண்டு. வெளிநுனியில் சக்கரம் அச்சுக்கு எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். எனவே சக்கரம் மேலே எழும்போது அதன் தலை உள்நோக்கிச் சாயும். கீழே தொங்கும்போது தலை வெளிநோக்கி விரிந்து, அடிப்பகுதி வண்டிக்கு அடியில் மடங்கும்.

எவ்வளவு சாயும்? கீலிலிருந்து சக்கரம் வரை 50 சென்டிமீட்டர் என்று கொண்டால், சக்கரம் வெறும் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே ஏறத்தாழ 6 பாகை சாய்ந்துவிடும். முன்சக்கரத்தில் அரைப் பாகை வேறுபாட்டைக்கூடப் பொருட்படுத்துகிற தொழிலில் 6 பாகை என்பது பெரிய தொகை. ஹெரால்டு வண்டியை ஜாக்கியால் தூக்கி மீண்டும் தரையில் இறக்கும்போது, அதன் பின்சக்கரங்கள் கால் மடக்கிய கன்றுக்குட்டியைப் போல் நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சில அடி தூரம் உருட்டிய பிறகே அவை பழைய நிலைக்கு வரும்.

நிற்கும்போது இது வேடிக்கைதான், வளைவில் வேடிக்கையன்று. ஓட்டுநர் வேகமாக ஒரு வளைவில் நுழைகிறார். வேகம் மிகுந்துவிட்டதை உணர்ந்து, அஞ்சி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கிறார். உடனே வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து, பின்பகுதி எழும்புகிறது. எழும்பியதும் பின்சக்கரங்கள் தொங்கி, அடி மடங்குகின்றன. அத்துடன், வளைவில் டயரின்மீது பாயும் பக்கவாட்டு விசை, சாய்ந்த அச்சின் வழியே வண்டியை மேலும் நெம்பித் தூக்குகிறது. தூக்கத் தூக்கச் சாய்வு மிகுகிறது. சாய்வு மிக மிகத் தூக்குதலும் மிகுகிறது. கையகலமாக இருந்த பிடிப்பு, டயரின் ஓரத்தில் விரல் அகலமாகச் சுருங்கிப்போகிறது. பின்பகுதி வழுக்கி வெளியே வீசப்படுகிறது. அச்சத்தால் காலை எடுப்பது மனித இயல்பு; அந்த இயல்பையே தண்டிக்கும் அமைப்பு நல்ல அமைப்பு ஆகாது என்பது என் கருத்து.

இந்தக் குறை ஸ்பிட்ஃபயருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு மாதிரியாக வந்த செவ்ரோலெ கார்வேர் வண்டிக்கும் இவ்வகை அச்சே இருந்தது. முன் டயர்களில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, பின் டயர்களில் 26 பவுண்டு என்று வெவ்வேறு காற்றழுத்தம் வைக்கச் சொல்லித் தயாரிப்பாளர் அதைச் சமாளிக்கப் பார்த்தார்கள். எல்லா டயர்களுக்கும் ஒரே அளவு காற்றடிக்கும் பழக்கமுள்ளவர்களிடம் அந்த ஏற்பாடு எப்படி நிலைக்கும்? ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயம் இவ்வண்டியைப் பற்றியதே. நூல் வெளிவருமுன்பே 1965 மாதிரிக்குப் புதிய பின் அமைப்பு வந்துவிட்டது. அக்காலத்துப் பிற வண்டிகளைவிட அது மோசமானதன்று என்று 1972இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை அறிக்கை கொடுத்ததையும் நியாயம் கருதிச் சொல்லவேண்டும்.

ஸ்பிட்ஃபயருக்குக் கண்ட மருந்து நுட்பமானது. பழைய கமான் பட்டையின் தகடுகள் அனைத்தும் பெட்டியின் மேல் அசையாமல் முடுக்கப்பட்டிருந்தன. 1970இல் வந்த நான்காம் மாதிரியில் அடித்தகடு ஒன்றை மட்டும் முடுக்கி, மற்றவற்றைத் துலாக்கோலின் தண்டுபோல் நடுவில் ஆடும்படி விட்டார்கள். இரு சக்கரங்களும் ஒருசேர மேடு ஏறினால் எல்லாத் தகடுகளும் சேர்ந்து தாங்கும். வளைவில் வண்டி ஒருபுறம் சாயும்போது மேல்தகடுகள் வெறுமனே ஆடிக்கொடுக்கும். இதனால் சாய்வை எதிர்க்கும் வேலையின் பெரும்பங்கு முன்பகுதியில் உள்ள தடித்த தண்டுக்குப் போய்ச்சேர்ந்தது. பின்பகுதி நெம்பி எழுவது வெகுவாகக் குறைந்தது. 1973இல் அரை அச்சுகளை நீட்டி, பின்சக்கரங்களின் இடையகலத்தை 2 அங்குலம் கூட்டினார்கள். ஆரம் நீண்டால் அதே தாழ்வுக்குக் கோணம் குறையும் என்பதை வடிவியல் படித்த மாணவர் உடனே காண்பர். சென்னையில் வேறு வழி கண்டார்கள். 1972இல் ஹெரால்டுக்குப் பின்வந்த ஸ்டாண்டர்டு கேசலில் ஊசல் அச்சையே கைவிட்டு முழு அச்சை வைத்தார்கள்.

பழைய ஸ்பிட்ஃபயரைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உலகெங்கும் இருக்கிறார்கள். அத்தகைய வண்டியைச் சீர்செய்யும் ஒருவர் பின்பகுதியிலிருந்தே தொடங்கவேண்டும். முன்சக்கரங்களின் பிடிப்பை மட்டும் கூட்டினால், வழுக்கும் பின்பகுதி இன்னும் எளிதில் வழுக்கும். முதலில் தேய்ந்த ரப்பர் புஷ்களையும் ஆட்டம்கண்ட பேரிங்குகளையும் மாற்றவேண்டும். ஆட்டமுள்ள மூட்டின் மேல் அளவெடுப்பது வீண். பிறகு கமான் பட்டையின் வளைவைக் குறைத்தோ, அதற்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கட்டை வைத்தோ பின்பகுதியைத் தாழ்த்தினால், சக்கரங்களின் தலை 1 அல்லது 2 பாகை உள்நோக்கிச் சாயும். வளைவில் வண்டி எழும்பினாலும், அடி மடங்கும் நிலையை எட்ட அதற்கு இன்னும் இடம் இருக்கும். அளவுமீறித் தாழ்த்தினாலோ, பட்டை அமுங்க இடமின்றிப் பள்ளந்தோறும் வண்டி இடிபடும்.

அடுத்தது முன் கேம்பர். கீழ்ப்புயத்தின் தாங்கிகளுக்குப் பின்னே மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அதை மாற்றலாம். கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும். ஆதலால் டோவைக் கடைசியில்தான் திருத்தவேண்டும். வண்டியின் இருபுறமும் இணையாக நூல் கட்டி, சக்கர விளிம்பின் முன்னும் பின்னும் நூலுக்குள்ள தூரத்தை அளந்தால் போதும். விலையுயர்ந்த கருவி இல்லாத பட்டறையிலும் இதைச் செய்யலாம். இத்தகைய வண்டிகளில் 1/16 அங்குல அளவு டோ இன் வழக்கம். அளக்குமுன் ஓட்டுநரின் எடைக்குச் சமமான மூட்டையை இருக்கையில் வைத்து, வண்டியைச் சில அடி உருட்டி, மேலும் கீழும் அழுத்தி விடவேண்டும். இல்லாவிடில் கன்றுக்குட்டி நிலையைத்தான் அளந்தவர்கள் ஆவோம்.

பிறகு டயரின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் சில கோடுகள் இழுத்து, ஆளில்லாத திறந்த மைதானத்தில் மிதமான வேகத்தில் வட்டமிட்டு வந்து பார்க்கவேண்டும். கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மிகுதியாகச் சாய்கிறது அல்லது காற்று குறைவு. ஓரத்தில் தொடப்படாமலே இருந்தால் காற்று மிகுதி அல்லது உட்சாய்வு வேண்டியதற்கும் மேல். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும், அதுவும் சிறிதளவே மாற்றி, குறித்துவைத்துக்கொண்டு மறுபடியும் வட்டமிடுவார்கள்.